சிவப்பு வேண்டாம், ருசி போதும்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திண்டுக்கல்லில் விளக்கு வைக்கிற நேரம். மலைக்கோட்டைப் பாறை கறுத்துத் தெரிகிறது. பஸ் நிலையத்தின் பக்கத்திலும், பேகம்பூரிலும், நாகல் நகரிலும் தள்ளுவண்டி அடுப்புகள் பற்றிக்கொள்கின்றன. எண்ணெய்ச் சட்டியில் மசாலா தடவிய கோழிக்கறி "சொர்" என்று விழுகிறது. கறிவேப்பிலை பொரிகிற வாசனை தெருமுனை வரைக்கும் வந்து ஆளை இழுக்கிறது.

"அண்ணே, கால் கிலோ கபாப் பார்சல்!"

இந்தக் குரல் கேட்காத தெரு இன்று எந்த ஊரிலும் இல்லை. ஒரு காலத்தில் கறி என்றால் வீட்டில்தான் ஆக்க வேண்டும். அம்மியில் மசாலா அரைத்து, அடுப்பு ஊதி, கண் எரிந்து, மத்தியானம் ஆகிவிடும். இன்று பத்து நிமிஷத்தில் சூடான பொட்டலம் கைக்கு வந்து விடுகிறது.

"வீட்டில் அடுப்பு இருக்க, கடையில் வாங்கித் தின்பதா?" என்று சில பெரியவர்கள் கோபிக்கிறார்கள். கோபம் வேண்டாம். ஏழு நாளும் அடுப்படியில் நிற்கிற தாய்க்கு ஒரு வேளை ஓய்வு கிடைக்கிறது. அப்பா வாங்கி வந்த பொட்டலத்தைச் சுற்றிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். பாட்டிக்கு மிருதுவான துண்டு போகிறது. எல்லாருமாகச் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறார்கள். இது நல்ல காரியம்தான். ஒன்றே ஒன்று: பங்கு போடும்போது அம்மாவின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். கடைசியில் மிஞ்சும் எலும்பும் வெங்காயமும் அவளுக்கு என்று ஆகக் கூடாது!

ஆகவே கபாப் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததும் கண்ணைப் பறிக்கிறதே ஒரு சிவப்பு, அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கரிகாலன் வீட்டு விருந்து

கபாப் என்பது அராபியரும் பாரசீகரும் வழங்கிய சொல். நெருப்பில் சுட்ட இறைச்சி, வறுத்த இறைச்சி என்று அதற்குப் பொருள். "சீக் கபாப்" என்கிறோமே, அதில் வரும் "சீக்" என்பது கம்பி. கொத்திய கறியைக் கம்பியில் பிடித்து வைத்துக் கரி நெருப்பில் வாட்டுவதால் அந்தப் பெயர்.

சொல் வெளியூர்ச் சொல். பண்டம் நமக்குப் புதிது அல்ல. சங்க காலத்துப் பொருநராற்றுப்படையில் கரிகால் சோழன் கொடுத்த விருந்து சொல்லப்படுகிறது. பசியோடு வந்த கலைஞருக்கு அவன் வெறும் சோறு போட்டு அனுப்பிவிடவில்லை. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித் துண்டுகளைத் தந்தான். சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்றார்களாம். தமிழனும் கம்பியில் சுட்ட கறியும் அவ்வளவு பழைய சிநேகிதர்கள்.

வடக்கே லக்னோ நகரத்தில் "துண்டே கபாப்" என்று ஒரு தினுசு உண்டு. "துண்டே" என்றால் ஒரு கை இல்லாதவர். ஹாஜி முராத் அலி என்ற சமையல்காரர் ஒரு கையை இழந்தவர். அவருடைய கடை 1905-ல் தொடங்கியது. பல் இல்லாத கிழட்டு நவாபும் தின்னும்படி வாயில் போட்டதும் கரைகிற கபாபை அந்த ஊரில் உண்டாக்கினார்கள் என்று கதை சொல்வார்கள். அதன் ரகசியம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பச்சைப் பப்பாளிக்காயை அரைத்துக் கறியோடு பிசைவார்கள். பப்பாளிப் பாலில் உள்ள ஒரு சத்து முரட்டுக் கறியையும் மெத்தென்று ஆக்கிவிடும்.

நம் ஊர்த் தள்ளுவண்டியில் விற்பது வேறு தினுசு. இது கரியில் சுடுவது அல்ல, எண்ணெயில் பொரிப்பது. கோழிக்கறியில் இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசறி, கொஞ்சம் சோள மாவு சேர்த்து ஊற வைத்துப் பொரிக்கிறார்கள். 1965-ல் சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் பிறந்ததாகச் சொல்லப்படும் "சிக்கன் 65" இதற்கு அண்ணன் முறை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கரிகாலன் விருந்தில் கலர்ப் பொடி இல்லை. லக்னோ கபாபும் பழுப்பாகத்தான் இருக்கிறது. மசாலா தடவிய கறி நெருப்பில் வெந்தால் செம்பழுப்பு நிறம் வரும். செம்பருத்திப் பூ நிறம் வராது. அப்படியானால் நம் பொட்டலத்தில் இருக்கும் சிவப்பு எங்கிருந்து வந்தது?

டப்பாவில் இருந்து வந்த சிவப்பு

மிளகாயும் சிவப்புதானே என்று கேட்பீர்கள். உண்மை. காஷ்மீர் மிளகாய் நல்ல நிறம் தரும். கர்நாடகத்துப் பேடகி மிளகாய் காரத்தில் குறைவு, நிறத்தில் அதிகம். அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. இந்த மிளகாய்த்தூளைப் போட்டால் கறி அழகாகவே இருக்கும். ஆனால் நல்ல மிளகாய் விலை அதிகம். டப்பாவில் விற்கும் கலர்ப் பொடியோ மலிவு. ஒரு சிட்டிகை போட்டால் ஒரு சட்டிக் கறியும் பளபள என்று சிவந்துவிடும். சில இடங்களில் பழைய கறியைப் புதுக் கறி போலக் காட்டவும் இந்தப் பொடி உதவுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சில செயற்கைக் கலர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் எல்லாப் பண்டத்துக்கும் அல்ல. மிட்டாய், ஐஸ்கிரீம், பிஸ்கெட் போன்ற குறிப்பிட்ட சில பண்டங்களுக்குத்தான். அதற்கும் அளவு வைத்திருக்கிறார்கள். கபாபில் செயற்கைக் கலர் சேர்க்க அனுமதி இல்லை. கொஞ்சமாகப் போட்டாலும் குற்றம்தான்.

அனுமதி உள்ள கலர்களைப் பற்றியே உலகம் யோசித்துக்கொண்டு இருக்கிறது. இங்கிலாந்தில் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தார் 2007-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சில செயற்கைக் கலர்களையும், பண்டம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு மருந்தையும் கலந்து குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளில் பலருக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாத துறுதுறுப்பு கூடியது. அதற்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளில், அந்த 6 கலர்களில் எதைச் சேர்த்தாலும் "குழந்தைகளின் கவனத்தைக் கெடுக்கக் கூடும்" என்ற எச்சரிக்கையை அட்டையில் அச்சிட வேண்டும் என்று 2010 முதல் சட்டம் வந்தது. நம் தள்ளுவண்டிப் பொட்டலத்தில் அட்டையும் இல்லை; எச்சரிக்கையும் இல்லை. குழந்தைதான் இருக்கிறது!

அனுமதியே இல்லாத சாயங்கள் இன்னும் மோசம். பஞ்சு மிட்டாய் விவகாரம் நினைவு இருக்கிறதா? துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற ரோடமின்-பி என்ற சாயம் அதில் கலந்திருப்பதைச் சோதனையில் கண்டுபிடித்தார்கள். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அந்தப் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. சேலைக்குப் போட்ட சாயத்தைப் பிள்ளைகளின் நாக்குக்கும் போட்டிருக்கிறார்கள்!

பக்கத்து வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்

திண்டுக்கல்லுக்கும் மைசூருக்கும் பழைய உறவு உண்டு. 1755-ல் மைசூர் ராஜ்யத்தின் அதிகாரியாக ஹைதர் அலி திண்டுக்கல் கோட்டைக்கு வந்தார். பேகம்பூர் என்ற பெயரே அவருடைய சகோதரியால் வந்தது. அந்த மைசூர் இருக்கும் கர்நாடகத்தில்தான் கபாப் கலருக்கு எதிரான பெரிய நடவடிக்கை நடந்தது.

கர்நாடக அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையினர் கடை கடையாகப் போய் 39 கபாப் மாதிரிகளை எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். 8 மாதிரிகளில் செயற்கைக் கலர் இருந்தது. சன்செட் யெல்லோ, கார்மோசின் என்பவை அந்தக் கலர்களின் பெயர்கள். 2024 ஜூன் மாதம் உத்தரவு வந்தது. கோழி, மீன், காய்கறி எதில் செய்த கபாப் ஆனாலும் செயற்கைக் கலர் கூடாது. மீறினால் சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று எச்சரித்தார்கள். பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் கலர் போடுவதை அதே ஆண்டு மார்ச் மாதமே அங்கே தடுத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கை இன்னொரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். 39-ல் 8 தவறு என்றால், மற்ற 31 கபாபில் கலர் இல்லை. கலர் இல்லாமல் கடை நடத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

திண்டுக்கல்லே சாட்சி

கர்நாடகம் வரை போவானேன்? நம் திண்டுக்கல்லையே பாருங்கள்.

1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் இந்த ஊரில் "ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்" என்று ஒரு கடை வைத்தார். அவர் தலையில் தலப்பா கட்டியிருப்பார். "தலப்பாக்கட்டு நாயுடு கடை" என்று ஜனங்கள் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று திண்டுக்கல் பிரியாணி என்றால் கடல் கடந்த ஊர்களிலும் தெரியும்.

எதனால் வந்தது இந்தப் பெயர்? சீரகச் சம்பா அரிசியால் வந்தது. பொடி அரிசிதான். ஆனாலும் மசாலாவை நன்றாக இழுத்துக்கொள்ளும். தனி மணம் தரும். இளங்கறியால் வந்தது. கை மசாலாவால் வந்தது. பொறுமையாகப் போட்ட தம்மினால் வந்தது. ஆரஞ்சுப் பொடியால் வரவில்லை! சிவப்பும் மஞ்சளுமாகக் கலர் அடித்த பிரியாணியை ஊரெங்கும் விற்ற காலத்திலும், பழுப்பு நிறச் சீரகச் சம்பாப் பிரியாணி வரிசையில் ஆளை நிற்க வைத்தது.

பிரியாணிக்குக் கலர் கேட்காத திண்டுக்கல்காரர், கபாபுக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

குற்றம் யாருடையது?

கடைக்காரரை மட்டும் திட்டுவது சுலபம். ஆனால் நியாயம் அல்ல.

தள்ளுவண்டி வைத்திருப்பவர் பெரிய முதலாளி இல்லை. காலையில் கறி எடுத்து, மத்தியானம் மசாலா போட்டு, ராத்திரி பதினோரு மணி வரை அனலில் நிற்கிறார். அந்த வருமானத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான்.

அவரிடம் கேட்டுப் பாருங்கள். "நான் கலர் போடாமல் வைத்தால், ஜனங்கள் பக்கத்து வண்டிக்குப் போய்விடுகிறார்களே!" என்பார். பழுப்பாக ஒரு தட்டு, சிவப்பாக ஒரு தட்டு, இரண்டும் வண்டியில் இருந்தால் நம் கை எதைக் காட்டுகிறது? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். நாம் சிவப்பை வாங்குகிற வரைக்கும் அவர் சிவப்பைத்தான் விற்பார்.

அதிகாரிகள் சோதனை போட வேண்டும், போடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு சாயங்காலமும் ஓர் அதிகாரி நிற்க முடியுமா? நீங்கள் நிற்கிறீர்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்களைவிடப் பெரிய அதிகாரி அந்த வண்டிக்கு யாரும் இல்லை.

கேளுங்கள், கொடுப்பார்கள்

கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். நல்ல வார்த்தையாகச் சொல்லுங்கள். "அண்ணே, கலர் போடாததாகக் கொடுங்க. பிள்ளைங்களுக்கு வாங்குறேன்" என்றால் போதும். இன்று ஒருவர் சொன்னால் அவர் சிரிப்பார். நாளை பத்துப் பேர் சொன்னால் யோசிப்பார். வாடிக்கைக்காரர் எல்லாரும் சொன்னால், "எங்கள் கடையில் கலர் சேர்ப்பதில்லை" என்று அவரே பலகை மாட்டுவார்.

கலர் இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. மிளகாயின் நிறம் எண்ணெயில் கரையும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கலர்ப் பொடி தண்ணீரில் உடனே கரையும். ஒரு துண்டைத் தம்ளர்த் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் சர்பத் மாதிரி சிவந்தால் சந்தேகப்படலாம். முடிவாகச் சொல்ல வேண்டியது சோதனைச் சாலைதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் இருக்கிறார். அவரிடம் புகார் கொடுக்கலாம்.

அடுத்தது எண்ணெய். சட்டிக்குள் எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரைத்துப் புகைந்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். இதற்கும் 2018 ஜூலை முதல் நாட்டில் ஒரு வரம்பு இருக்கிறது. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் உண்டாகும் கெட்ட பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். அப்படிப்பட்ட சட்டியைக் கண்டால் பேசாமல் அடுத்த கடைக்கு நடங்கள்.

பிறகு பொட்டலம். சூடான கறியைப் பிளாஸ்டிக்கில் கட்டக் கூடாது. உணவு பொதியும் பிளாஸ்டிக் தாள், கைப்பை முதலான 14 வகைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. வாழையிலை இருக்கிறது. மந்தாரை இலை இருக்கிறது. சூட்டில் வாடிய இலையின் மணமே கறிக்குப் பாதி ருசி தருமே! இன்னும் நல்ல வழி, வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவும் மஞ்சப் பையும் கொண்டு போவதுதான். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் பாட்டிமார் தூக்குவாளி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள்தாம்.

செய்தித்தாளிலும் கட்ட வேண்டாம். பத்திரிகைக்காரரே இப்படிச் சொல்கிறாரே என்று பார்க்காதீர்கள். அச்சு மையில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் உண்டு. சூடும் எண்ணெயும் பட்டால் அவை கறியில் இறங்கும். செய்தித்தாளில் உணவு பொதியக் கூடாது என்று 2016-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அறிவுறுத்திவிட்டது. இந்தத் தாள் படிப்பதற்கு. கபாபின் எண்ணெயை ஒற்றுவதற்கு அல்ல!

வீட்டுக்கு வந்த பிறகு

பொட்டலம் வீட்டுக்கு வந்ததும் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள். சமைத்த பண்டத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆறிய கறியில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மிச்சம் இருந்தால் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். மறுபடி சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடு பண்ணுங்கள். துண்டைப் பிட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்துப் பொரித்து வாங்குங்கள்.

இது வீண் பயம் அல்ல. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்தக் கடையில் சாப்பிட்ட இன்னும் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் என்ற வெள்ளைக் குழம்பைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. காரணம், பச்சை முட்டையில் கிருமி வளர்வதுதான்.

விடுமுறை நாளில் பலர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு சிறுமலைக்குப் போகிறார்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய், இடம் பார்த்து, பிரிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஆகவே மலைக்குப் போகிறவர்கள் கறிப் பொட்டலத்தைத் தவிர்த்து, புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. கபாபைத் திரும்பி வந்து சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். எதைக் கொண்டு போனாலும் காகிதத்தையும் உறையையும் காட்டில் போட்டு வராதீர்கள். அங்கே காட்டுமாடுகள் மேய்கின்றன. அவற்றுக்குப் பிளாஸ்டிக் எது, தழை எது என்று தெரியாது.

மலையிலிருந்து கொண்டு வர வேண்டியது வேறு இருக்கிறது. சிறுமலை எலுமிச்சை! அரை மூடி எலுமிச்சையைச் சூடான கபாபில் பிழியுங்கள். கூடவே நறுக்கிய வெங்காயம். முடிந்ததும் ஒரு சிறுமலை வாழைப்பழம். இந்தச் சுவைக்கு முன்னால் எந்த வெள்ளைக் குழம்பும் நிற்காது. எந்தச் சிவப்புப் பொடியும் நிற்காது.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் நிறத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அது அவர்கள் வயசு. "சிவப்பா இருந்தா கலர், பழுப்பா இருந்தா கறி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அவர்களே கடைக்காரரிடம் கேட்பார்கள். பிள்ளை கேட்டால் எந்தக் கடைக்காரராலும் தட்ட முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழகிய கடைக்கே போங்கள். டப்பாவை நீட்டுங்கள். முதலில் "கலர் வேண்டாம்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு கால் கிலோ கேளுங்கள்!